செஞ்சிக் கோட்டையை மராட்டியர் ஆண்டது 21 ஆண்டுதான்... யுனெஸ்கோ பட்டியலில் அவங்க பெயர் ஏன்? மலை ஏறினால் தெரியும் முழுக்கதை

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த மலைகள் பழக்கம்தான். செஞ்சி டவுனைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் யாரோ அடுக்கி வைத்த மாதிரி பாறைகள். பாறைகளை வளைத்துப் போகும் மதில். உச்சியில் சின்னதாக ஒரு கட்டடம். கிரிவலம் போகிற கூட்டம் மாசா மாசம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போகிற இடம் அது.

2025 ஜூலை 11 அன்று அந்த இடம் உலக பாரம்பரியச் சின்னம் ஆனது. பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலக பாரம்பரியக் குழுவின் 47வது கூட்டத்தில் இந்த முடிவு வந்தது. இந்தியாவுக்கு இது 44வது இடம். மாமல்லபுரம், சோழர் காலப் பெருங்கோயில்கள், நீலகிரி மலை ரயில், மேற்குத் தொடர்ச்சி மலை வரிசையில் தமிழ்நாட்டுக்கு ஐந்தாவது.

சந்தோஷமான செய்திதான். ஆனால் பட்டியலில் இருக்கும் பெயரைப் பார்த்த பலருக்கும் ஒரு கேள்வி வந்தது. அங்கே 'செஞ்சிக் கோட்டை' என்று தனியாக ஒரு பதிவு கிடையாது. 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் 12 கோட்டைகளில் ஒன்றாகத்தான் செஞ்சி இருக்கிறது. மீதி 11 கோட்டைகளும் மகாராஷ்டிராவில் உள்ளவை.

விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டைக்கு மராட்டியர் பெயர் எப்படி வந்தது? அது சரியா, தப்பா? இந்த அங்கீகாரத்தால் கோட்டைக்கும் ஊருக்கும் என்ன மாறும்? நேரில் போனால் எதைப் பார்க்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், 12 கோட்டைகள் எவை?

சால்ஹேர், சிவநேரி, லோககட், காந்தேரி, ராய்கட், ராஜ்கட், பிரதாப்கட், சுவர்ணதுர்க், பன்ஹாலா, விஜயதுர்க், சிந்துதுர்க் ஆகிய 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில். 12வது செஞ்சி.

இப்படிப் பல இடங்களை ஒரே கதையின் கீழ் சேர்த்து விண்ணப்பிப்பதைத் தொடர் பரிந்துரை என்பார்கள். தஞ்சாவூர் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் ஒரே பதிவாக இருப்பதும் இதே முறையில்தான். அங்கே கதை சோழர் கோயில் கலை. இங்கே கதை மராட்டியரின் கோட்டை வலைப்பின்னல். மலை, காடு, பீடபூமி, கடற்கரை, தீவு என்று நிலம் எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப கோட்டையைப் பயன்படுத்திய போர் முறைதான் இந்தப் பட்டியலின் மையக் கருத்து.

ஆகவே 'இந்தக் கோட்டையை மராட்டியர் கட்டினார்கள்' என்று அந்தத் தலைப்புக்கு அர்த்தம் இல்லை. மராட்டிய வரலாற்றில் இந்தக் கோட்டைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் தலைப்பை மட்டும் படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

21 ஆண்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

1677ல் சத்ரபதி சிவாஜி தெற்கு நோக்கிப் படையெடுத்து வந்தபோது பிஜப்பூர் சுல்தானின் கையில் இருந்த செஞ்சியைப் பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை. புது மதில், அகழி, கொத்தளம் என்று கோட்டையைப் பலப்படுத்தினார். அந்தக் காலத்தில் இங்கே இருந்த ஏசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களிலும் இந்த வேலைகள் பற்றிய குறிப்பு இருக்கிறது.

அப்போது அது ஓர் அதிகப்படியான செலவாகத் தோன்றியிருக்கலாம். தலைநகர் ராய்கட் எங்கே, செஞ்சி எங்கே? ஆனால் 12 ஆண்டு கழித்து அதன் பலன் தெரிந்தது.

1680ல் சிவாஜி மறைந்தார். அடுத்து வந்த மகன் சம்பாஜியை 1689ல் ஔரங்கசீப்பின் படை பிடித்துக் கொன்றது. அதே ஆண்டில் தலைநகர் ராய்கட்டும் முகலாயர் கைக்குப் போனது. மராட்டிய அரசு முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரம். சிவாஜியின் இன்னொரு மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி, தெற்கே வந்து, 1689 நவம்பரில் செஞ்சிக்குள் நுழைந்தார்.

அன்று முதல் சுமார் 8 ஆண்டுகள் மராட்டிய அரசின் தலைநகர் செஞ்சிதான். மகாராஷ்டிராவில் நிற்க இடம் இல்லாதபோது மராட்டிய அரசு உயிரோடு இருந்தது இந்தத் தமிழ் மண் மலையில். ராஜாராம் இங்கே சிக்கியிருந்தால், மராட்டிய வரலாறு வேறு மாதிரி போயிருக்கும். 12 கோட்டைப் பட்டியலில் செஞ்சி இல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தஞ்சாவூரை ஆண்ட மராட்டியர் வேறு கிளை. சிவாஜியின் மாற்றாந்தாய் வழித் தம்பி ஏகோஜியின் வழி வந்தவர்கள் அவர்கள். தஞ்சையில் மராட்டியர் பேச்சு 1855 வரை நீண்டது. செஞ்சியில் அது 1698லேயே முடிந்துவிட்டது.

அப்போ மீதி வரலாறு யாருடையது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் 1677 முதல் 1698 வரை 21 ஆண்டு. கோட்டையின் கதையோ 800 ஆண்டுக்கும் மேல். சுருக்கமான டைம்லைன் இதோ.

1190 வாக்கில்: ஆனந்த கோன் என்ற இடையர் குலத் தலைவர் மலையில் முதல் கோட்டையைக் கட்டியதாக மரபு சொல்கிறது. அவருக்குப் பின் வந்த கிருஷ்ண கோன் பெயரால்தான் கிருஷ்ணகிரி மலைக்கு அந்தப் பெயர் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி சேகரித்த கையெழுத்துப் பிரதிகளில் இந்தச் செய்தி இருக்கிறது. கல்வெட்டு அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றாலும், ஊர் நினைவில் இது ஆழமாகப் பதிந்த கதை.

விஜயநகர, நாயக்கர் காலம்: இன்று நாம் பார்க்கும் பிரமாண்டத்தில் பெரும்பகுதி இந்தக் காலத்தில் உருவானது. கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், வெங்கடரமணர் கோயில், பெரிய மதில்கள் எல்லாம் செஞ்சி நாயக்கர்களோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. மதுரை நாயக்கர், தஞ்சை நாயக்கர் தெரிந்த அளவுக்கு செஞ்சி நாயக்கர் நம் பாடப்புத்தக நினைவில் இல்லை என்பது தனி வருத்தம்.

1649: பிஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது.

1677: சிவாஜி.

1698: முகலாயத் தளபதி சுல்பிகர் கான். கோட்டைக்கு 'நுஸ்ரத்கட்' என்று புதுப் பெயர்.

1700 வாக்கில்: ஔரங்கசீப் சார்பில் புந்தேல ராஜபுத்திரரான சொரூப் சிங் கோட்டைத் தலைவர் ஆனார். அவர் மகன்தான் தேசிங்கு.

1714: ஆற்காடு நவாப்.

1750: பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரு ராத்திரித் தாக்குதலில் பிடித்தார்.

1761: புதுச்சேரி விழுந்த பிறகும் சில மாதம் தாக்குப்பிடித்த செஞ்சி, கடைசியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

1780: ஹைதர் அலியின் படை.

அதற்குப் பிறகு கோட்டைக்காக யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. அதிகாரம் ஆற்காட்டுக்கும் சென்னைக்கும் நகர்ந்துவிட்டது. பீரங்கியின் பலமும் சாலையின் திசையும் மாறிய காலத்தில் மலைக்கோட்டைக்கு வேலை இல்லாமல் போனது. செஞ்சி இடிபாடு ஆனதற்கு ஒரே ஒரு போர் காரணம் இல்லை. இனி இது தேவையில்லை என்று ஆளுகிறவர்கள் கைவிட்டதுதான் பெரிய காரணம்.

1921ல் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது.

எட்டு வருஷ முற்றுகை எப்படிச் சாத்தியம்?

செஞ்சியை 'கிழக்கின் ட்ராய்' என்று ஆங்கிலேயர்கள் அழைத்ததாகச் சொல்வார்கள். கிரேக்கக் கதையில் வரும் ட்ராய் நகரம் பத்து வருஷம் முற்றுகையைத் தாங்கியது. செஞ்சிக்கும் அதே மாதிரி ஒரு கதை உண்டு. 1690ல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயப் படையால் 1698 தொடக்கத்தில்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பி, வேலூர் வழியாக மகாராஷ்டிரா போய்விட்டார்.

முதல் காரணம், கோட்டையின் அமைப்பு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் முக்கோணமாக இணைக்கும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். உள்ளே இருக்கும் பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். இதில் முக்கியமான விஷயம், ஒவ்வொரு மலையும் தனித்தனிக் கோட்டை. ஒன்று விழுந்தாலும் இன்னொன்றில் இருந்து சண்டையைத் தொடரலாம்.

இரண்டாவது காரணம், இவ்வளவு நீளமான மதிலைச் சுற்றி வளைக்கவே ஒரு பெரும்படை வேண்டும். அந்தப் படைக்குச் சோறு வேண்டும். முகலாயருக்கு வந்த தானியத்தையும் பணத்தையும் வழியிலேயே மடக்கியது சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் மராட்டியக் குதிரைப்படை. முற்றுகை போட்டவர்களே பட்டினி கிடந்த கட்டங்கள் உண்டு.

மூன்றாவது, முகலாயர் முகாமுக்குள்ளேயே இருந்த உள்குத்து. முற்றுகைக்கு வந்த ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ், ராஜாராமோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சொல்லி அவரையே சுல்பிகர் கான் கைது செய்தார். சுல்பிகர் கான் மீதும் 'வேண்டுமென்றே இழுக்கிறார்' என்ற சந்தேகம் இருந்தது.

நான்காவது, தண்ணீர். வட தமிழ்நாட்டு வெயிலில் மலை மேல் ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் இருக்க வேண்டும் என்றால் தண்ணீர்தான் முதல் ஆயுதம். மலையில் வற்றாத சுனைகள், அடிவாரத்தில் குளங்கள், தூரத்து நீர்நிலையில் இருந்து கல்யாண மகாலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த சுடுமண் குழாய்கள் என்று இந்தக் கோட்டையில் நீர் ஏற்பாடு தனிப் பாடம்.

தேசிங்கு: ஒரு வருஷம்கூட ஆளாத ராஜா

வரலாற்றுப் புத்தகம் எதைச் சொன்னாலும், தமிழ்நாட்டு மக்களுக்கு செஞ்சி என்றால் முதலில் வாயில் வருவது தேசிங்கு ராஜா. தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் வாழ்கிறவர். 1960ல் எம்.ஜி.ஆர் நடித்து 'ராஜா தேசிங்கு' படமே வந்தது.

உண்மைப் பெயர் தேஜ் சிங். தாய்மொழி தமிழ் இல்லை. புந்தேல்கண்டில் இருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். 1714ல் அப்பா சொரூப் சிங் இறந்ததும் பொறுப்புக்கு வந்தார். கப்பம் கட்டு என்று ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கேட்க, மறுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த சண்டையில் பெரிய படைக்கு எதிராகச் சிறு படையோடு மோதி இறந்தார். அப்போது அவர் வயது 22. ஆட்சி ஒரு வருஷத்தைக்கூடத் தொடவில்லை.

அவரோடு சேர்ந்து உயிரை விட்ட முஸ்லிம் நண்பன், நீலவேணி என்ற குதிரை, உடன்கட்டை ஏறிய இளம் மனைவி என்று கதை வளர்ந்தது. வடக்கே இருந்து வந்த 22 வயசுப் பையனை தமிழ் கிராமங்கள் தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொண்டன. கோட்டையில் செட்டிக்குளத்தின் கரையில் அவர் உடல் எரியூட்டப்பட்ட இடம் என்று ஒரு மேடையை இன்றும் காட்டுகிறார்கள்.

'யாருடைய கோட்டை?' என்று கேட்டால், தேசிங்கு கதையே ஒரு பதில். கட்டியது ஒருவர், காத்தது ஒருவர், பிடித்தது ஒருவர். மக்கள் மனசில் நின்றது இன்னொருவர்.

நேரில் போனால் எதைப் பார்க்கணும்?

செஞ்சி டவுனில் இருந்து திருவண்ணாமலை சாலையில் போனால், சாலையின் ஒரு பக்கம் ராஜகிரி, இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி. ஊர்க்காரர்கள் 'ராஜா கோட்டை', 'ராணி கோட்டை' என்பார்கள்.

ராஜகிரி அடிவாரம்: பலரும் நேராக மலை ஏறப் போய்விடுகிறார்கள். கீழே இருப்பதைப் பார்க்கவே இரண்டு மணி நேரம் வேண்டும். அடுக்கடுக்காக எழுந்து கூம்பு மாதிரி முடியும் கல்யாண மகால்தான் செஞ்சியின் முகம். பக்கத்தில் குதிரை லாயங்கள் போன்ற நீண்ட கட்டட வரிசை, உடற்பயிற்சிக் கூடம், உயரமான வளைவுக் கூரையோடு நெற்களஞ்சியம், யானைக்குளம். களஞ்சியத்துக்குள் போய் நின்று பாருங்கள். எட்டு வருஷ முற்றுகைக்கு விடை அங்கே இருக்கிறது.

வெங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் மசூதியும்: இரண்டும் அதே கீழ்க்கோட்டையில். கோயில் நாயக்கர் காலத்தது. மசூதி தேசிங்கை வென்ற நவாப்பின் பெயர் தாங்கியது. கோயிலில் சில இடங்கள் வெறுமையாகத் தெரியும். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் வேலைப்பாடு மிக்க கருங்கல் தூண்கள், பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியில் இருந்து எடுத்துப் போனவை என்று சொல்லப்படுகிறது. அங்கே செல்ஃபி எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ராஜகிரி உச்சி: உயரம் சுமார் 240 மீட்டர். மாடிக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 80 மாடி. வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். கோட்டைக்குக் காவல் தெய்வம். ராஜாக்கள் எல்லாம் போன பிறகும் இந்த அம்மனுக்குத் திருவிழா நிற்கவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஆழமான ஒரு பாறைப் பிளவு. அதன் மேல் ஒரு சின்னப் பாலம். போர்க் காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால், கீழே ஆயிரம் பேர் நின்றாலும் மேலே ஒருத்தரும் வர முடியாது. மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி. அங்கிருந்து கீழே பார்க்கும்போதுதான் மூன்று மலையும் மதிலும் சேர்ந்த முக்கோணம் முழுசாகப் புரியும்.

கிருஷ்ணகிரி: உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. கல்லால் கட்டிய களஞ்சியங்களும், குவிமாடம் போட்ட சபா மண்டபமும் இங்கே பார்க்க வேண்டியவை. ராஜகிரியின் முழு உருவத்தையும் போட்டோ எடுக்க நல்ல இடமும் இதுதான்.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று சிங்கவரம் மலையில் இருக்கும் குடைவரை ரங்கநாதர் கோயில். இன்னொன்று திருநாதர்குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்களும், 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவியைப் பற்றிய பழைய தமிழ்க் கல்வெட்டும் அங்கே உண்டு. கோட்டை வருவதற்கு முன்பே இந்த மலைகளில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்தான் சாட்சி.

கிளம்பும் முன் இதைக் கவனியுங்கள்

சென்னையில் இருந்து சுமார் 160 கிலோமீட்டர். திண்டிவனம் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். செஞ்சிக்கு நேரடி ரயில் கிடையாது. திண்டிவனம் - திருவண்ணாமலை புதிய ரயில் பாதைத் திட்டம் பல ஆண்டுகளாக முடியாமல் கிடக்கிறது.

காலையிலேயே ஏறத் தொடங்குவது நல்லது. ராஜகிரி ஏறி இறங்க மூன்று மணி நேரமாவது வேண்டும். மலை ஏற நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் மதியத்துக்குப் பிறகு போய் நின்றால் ஏமாற்றமாகிவிடும்.

மேலே கடை எதுவும் இல்லை. தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாறை சூடு ஏறினால் ஏப்ரல், மே மாதங்களில் வயதானவர்களும் குழந்தைகளும் ஏறுவது ஆபத்து.

குரங்குகள் அதிகம். கையில் தின்பண்டப் பையை ஆட்டிக்கொண்டு போனால் அது உங்கள் கையில் இருக்காது.

15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கான டிக்கெட் விலையைக் கிளம்பும் நாளில் தொல்லியல் துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உலக பாரம்பரியச் சின்னங்களுக்குத் தொல்லியல் துறை வசூலிக்கும் கட்டணம் மற்ற இடங்களைவிட அதிகம்.

முழங்கால் வலி இருப்பவர்கள் மலை ஏற முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். கீழ்க்கோட்டையே ஒரு நாள் பார்க்கலாம்.

யுனெஸ்கோ அங்கீகாரத்தால் பணம் வருமா?

இதில்தான் நிறையத் தவறான நம்பிக்கை இருக்கிறது. பட்டியலில் சேர்ந்ததும் யுனெஸ்கோ வருஷா வருஷம் பணம் அனுப்பும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பராமரிப்புச் செலவு அந்தந்த நாட்டின் பொறுப்பு. செஞ்சி விஷயத்தில் அது இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. யுனெஸ்கோ தருவது பெயர். அந்தப் பெயரால் பயணிகள் வருவார்கள், அரசுகளின் கவனம் வரும், அதன் வழியாகத்தான் பணம் வரும்.

அதோடு ஒரு கடமையும் வருகிறது. இடத்தின் நிலை பற்றி இந்தியா குறிப்பிட்ட கால இடைவெளியில் யுனெஸ்கோவுக்கு அறிக்கை கொடுக்கணும். பாதிப்பு வந்தால் 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலுக்குப் போகும். நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஹம்பி அருகே கட்டிய பாலங்களால் 1999ல் ஹம்பி அந்தப் பட்டியலுக்குப் போனது. 2006ல்தான் மீண்டது. இன்னும் மோசமானால் பெயரே நீக்கப்படும். ஜெர்மனியின் டிரெஸ்டன் 2009லும் இங்கிலாந்தின் லிவர்பூல் 2021லும் அப்படி நீக்கப்பட்டன. இரண்டுக்கும் காரணம் புதிய கட்டுமானங்கள்.

'இனி வீடு கட்ட விட மாட்டாங்களா?'

கோட்டையைச் சுற்றி இருப்பவர்களின் நியாயமான பயம் இது. உண்மையில் இந்தக் கட்டுப்பாடு யுனெஸ்கோவால் வந்தது இல்லை. 2010ல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டணும். பழுது பார்க்கவும் அனுமதி தேவை.

இந்தச் சட்டம் எல்லாப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கும் உண்டு. ஆனால் ஒரு சின்னக் கோயிலைச் சுற்றி 300 மீட்டர் என்பதும், 13 கிலோமீட்டர் மதிலைச் சுற்றி 300 மீட்டர் என்பதும் ஒன்றல்ல. செஞ்சியில் இந்த வளையத்துக்குள் வயலும் வீடும் வாழ்க்கையும் இருக்கின்றன. உலகப் பட்டியலுக்குப் பிறகு கண்காணிப்பு கூடும் என்பதால், ஏற்கெனவே இருந்த சட்டம் இனி இன்னும் கறாராக அமலாகலாம். வீட்டுக்கு ஒரு அறை கட்ட நினைக்கும் குடும்பத்துக்கு எந்த அலுவலகத்தில், எப்படி விண்ணப்பிப்பது என்று தெளிவாகச் சொல்லும் ஏற்பாடு வேண்டும். கோட்டையால் லாபம் சுற்றுலாக்காரருக்கும் நஷ்டம் ஊர்க்காரருக்கும் என்று ஆகிவிட்டால், எந்த நினைவுச்சின்னத்தையும் காப்பாற்ற முடியாது. வழிகாட்டி வேலை, தங்கும் இடம், சாப்பாட்டுக் கடை, வண்டி என்று கோட்டையைச் சுற்றி வரும் வருமானத்தில் ஊருக்கு முதல் பங்கு போனால்தான் மதிலை ஊரே காவல் காக்கும்.

அப்போ பெயர் சர்ச்சைக்கு என்ன முடிவு?

பட்டியலில் 'மராட்டிய' என்று இருப்பது வரலாற்றுப் பொய் இல்லை. 1689 முதல் 8 ஆண்டு நடந்தது உண்மை. அந்த உண்மைக்கு உலக முக்கியத்துவமும் உண்டு. ஆனால் அது 800 ஆண்டில் ஓர் அத்தியாயம். புத்தகத்தின் அட்டையில் ஓர் அத்தியாயத்தின் பெயர் அச்சாகிவிட்டது. மற்ற அத்தியாயங்களைக் கிழித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. அவற்றைப் படிக்கச் சொல்ல யாராவது வேண்டும் என்றுதான் அர்த்தம்.

அந்த வேலையை பாரிஸில் செய்ய முடியாது. செஞ்சியில்தான் செய்யணும். களஞ்சியத்தின் வாசலில் இதை யார் கட்டினார்கள், எத்தனை பேருக்குச் சோறு போட்டது என்று தமிழில் ஒரு பலகை. கோன் காலக் கதை முதல் ஹைதர் அலி வரை கோர்வையாகச் சொல்லும் ஓர் அருங்காட்சியகம். தேசிங்கு கதையை மேடையில் பாடும் கூத்துக் கலைஞர்களுக்கு வருஷம் முழுக்க இடம். நாயக்கர் என்றாலே மதுரை என்று படிக்கும் மாணவருக்குப் பாடத்தில் செஞ்சி நாயக்கருக்கும் ஒரு பக்கம். சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943லேயே செஞ்சியின் முழு வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். சரக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி வெளிநாட்டுப் பயணிகளும் மகாராஷ்டிரா பயணிகளும் செஞ்சியைத் தேடி வருவார்கள். ராஜாராமின் தலைநகரைப் பார்க்க வருகிறவர், திரும்பும்போது ஆனந்த கோனையும் கிருஷ்ணப்ப நாயக்கரையும் தேசிங்கையும் கமலக்கண்ணி அம்மனையும் தெரிந்துகொண்டு போகிறாரா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் யுனெஸ்கோ பட்டியலில் இல்லை. மாநில அரசு, தொல்லியல் துறை, செஞ்சி மக்கள் மூன்று பேர் கையிலும் இருக்கிறது.